மலைமேல் ஒரு பழைய வீடு, இருவருக்கு மூன்று இரவு

"கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரே வீட்டில் இருந்தும் நிதானமாக உட்கார்ந்து பேசி ரொம்ப நாளாகிவிட்டது. இப்போது நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. மலைப்பகுதியில் நூறு வருடத்துக்கு மேல் பழமையான ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஐந்தாறு அறைகள்தான், தங்க இடமும் காலை உணவும் தருகிறார்கள். அங்கே இரண்டு இரவு, பக்கத்து ஊரில் ஒரு இரவு என்று யோசனை. பெரிய ஹோட்டலை விட்டுவிட்டு இப்படிப் போவது சரியா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதே யோசனையில் இருக்கும் மற்ற தம்பதிகளுக்கும் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் மூன்று இரவையும் அந்த ஒரே வீட்டில் கழியுங்கள். பக்கத்து ஊர் வேண்டாம்.

விடுதி மாறும் நாளில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, மலைப்பாதையில் போய், புது அறையின் சாவி வாங்கி உட்காருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். அதைவிட முக்கியம் தூக்கம். புது இடத்தில் முதல் நாள் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மூளை அலைகளை அளந்தே காட்டினார்கள். ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் ஒரு பாதி மற்ற பாதியைவிட லேசாகவே தூங்கியது. பழக்கமில்லாத சத்தம் கேட்டால் அந்தப் பாதிதான் முதலில் விழித்துக்கொண்டது. அடுத்த முறை அதே இடத்தில் படுத்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது. மலையின் உயரமும் முதல் இரவுத் தூக்கத்தைக் கொஞ்சம் கலைக்கும். ஆக, உங்கள் உண்மையான ஓய்வு இரண்டாவது இரவில்தான் தொடங்குகிறது. மூன்றாவது இரவுக்கு வேறு படுக்கைக்கு மாறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இனி, ஹோட்டலா பழைய வீடா என்ற கேள்வி. நீச்சல் குளம், ஜிம், எந்த நேரமும் அறைக்கு வரும் சாப்பாடு, லிஃப்ட் எல்லாம் இருந்தால்தான் உங்களுக்கு ஓய்வு என்றால் ஹோட்டலுக்கே போங்கள், அதில் தப்பில்லை. பழைய வீடு கொடுப்பது வேறு. அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது, அதற்காகத்தான் போகவேண்டும். பத்து இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு போய், இரவு படுக்க மட்டும் அந்த வீட்டுக்குத் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அந்தத் திண்ணையையும் ஜன்னல் ஓரத்தையும் அவர்கள் அனுபவிக்கவே இல்லை.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதைத்தான். 'பாரம்பரிய மாளிகை' என்று எல்லாரும்தான் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் மலையில் சும்மா யாரும் வீடு கட்டியதில்லை. கணவாய் வழியாகப் போகிறவர்கள் பனியில் சாகாமல் இருப்பதற்காகச் சில கட்டப்பட்டன. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் 11-ஆம் நூற்றாண்டில் துறவிகள் தொடங்கிய சத்திரம் இன்றும் வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுக்கிறது. ஜப்பானின் யமனாஷி மலைகளில் வெந்நீர் ஊற்றை ஒட்டிய கெய்யுன்கான் விடுதி கி.பி. 705-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸ் பதிவில் இருக்கிறது. தாமஸ் குக் 1863-இல் முதல்முறையாகச் சுவிட்சர்லாந்துக்கு ஒரு சுற்றுலாக் குழுவை அழைத்துப்போனார். மலைக்கு வேடிக்கை பார்க்கப் போவது சாதாரணக் குடும்பங்களுக்கும் பழக்கமானது அந்தக் காலத்தில்தான். அப்புறம் காசநோய் விடுதிகள். மருந்து இல்லாத காலத்தில் வெயிலும் சுத்தமான காற்றும்தான் சிகிச்சை என்று நம்பி ஆல்ப்ஸ் மலை ஊர்களில் பெரிய பெரிய கட்டடங்களை எழுப்பினார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்து நோயாளிகள் குறைந்ததும் அவற்றில் பல ஹோட்டல்களாக மாறின. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஊருக்கு மேலே 1900-இல் திறந்த ஷாட்ஸால்ப் அப்படி மாறிய ஒன்றுதான். சொந்த வீட்டில் ஓரிரு அறைகளை ஒதுக்கி, காலை உணவு கொடுத்து வாடகை வாங்குவதோ பெரும்பாலும் பணமுடையில் பிறந்த ஏற்பாடு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் பல இப்படித்தான் சமாளித்தன.

இந்தக் கதை எதற்கு என்றால், கட்டடத்தின் உடம்பில் அந்தப் பழைய நோக்கம் அப்படியே இருக்கும். கணவாய்ச் சத்திரம் என்றால் தடித்த கல்சுவர், சின்ன ஜன்னல், பாதையை ஒட்டிய வாசல்: கதகதப்பு கிடைக்கும், காட்சி குறைவு, வண்டிச் சத்தம் இருக்கலாம். காசநோய் விடுதி என்றால் வெயில் விழும் பக்கமாக நீளமான பால்கனிகள். நாள் முழுக்கச் சாய்வு நாற்காலியில் கிடக்க இதைவிட நல்ல இடம் இல்லை. வசதியானவர்கள் கோடைக்காகக் கட்டிய மாளிகை என்றால் உயர்ந்த கூரை, அகலமான வராந்தா, அறைக்கு அறை கணப்பு (விறகு எரித்துக் குளிர்காயும் சுவர் அடுப்பு). பார்க்க ரொம்ப அழகு. ஆனால் குளிர்காலத்தை மனதில் வைத்துக் கட்டியதல்ல என்பதால் பனிக்காலத்தில் அந்த உயர்ந்த கூரையே எதிரி. சூடெல்லாம் மேலே போய்விடும். பழைய விவசாயி வீடு என்றால் தலை இடிக்கும் நிலைப்படி, தாழ்ந்த கூரை, குளிருக்கு இதம். எந்த மாதம் போகிறீர்கள் என்று பார்த்து இதை முடிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் என்னிடம் கேட்டால், படத்தில் அழகாக இருக்கும் மாளிகையை விட்டுவிட்டு விவசாயி வீட்டைத்தான் சொல்வேன்.

வீடு சரிவில் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அதனால் காற்று அடங்கிய தெளிவான இரவுகளில் பள்ளத்தைவிட நடுச்சரிவு சில டிகிரி கதகதப்பாக இருக்கும். காலையில் பனிமூட்டம் பள்ளத்தை நிரப்பி நிற்க, நடுச்சரிவு வீட்டு வாசலில் வெயில் அடிக்கும். மலை ஊர்க்காரர்களின் பழைய வீடுகள் பல நடுச்சரிவில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பதிவுக்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரு தடவை போன் செய்து பேசிவிடுங்கள். செயலியில் படம் பார்த்துப் பணம் கட்டினால் தெரியாத பல விஷயங்கள் ஐந்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும். குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, நடைவழியில் பொதுவாக இருக்கிறதா? பழைய வீடுகளில் குளியலறை பின்னால் சேர்த்ததாகத்தான் இருக்கும். வெந்நீர் எப்போதும் வருமா, ஒருவர் குளித்தபின் தொட்டி மறுபடி சூடாகக் காத்திருக்க வேண்டுமா? இரவு அறையை எது சூடாக்குகிறது? அறை சமையலறைக்கு மேலே இருக்கிறதா? இருந்தால் விடியற்காலையிலேயே பாத்திரச் சத்தத்தில் எழுந்துவிடுவீர்கள். மரத்தளம் என்பதால் மாடியில் ஒருவர் நடந்தால் கீழே ஒவ்வொரு அடியும் கேட்கும். சத்தத்துக்கு விழித்துக்கொள்கிறவர் என்றால் மேல்மாடி அறையே நல்லது. ஆனால் படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இருக்காது. பழமைக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் வீட்டுக்காரர் நினைத்தாலும் பல மாற்றங்களைச் செய்ய முடியாது. முட்டி வலி இருந்தால் தயங்காமல் தரைத்தள அறை கேளுங்கள்.

பெரும்பாலோர் கேட்க மறப்பது இரவுச் சாப்பாடு. காலை உணவு மட்டும் என்றால் மட்டும்தான். இருட்டியபின் வளைவுப் பாதையில் சாப்பாட்டுக்காக வண்டியை எடுப்பது ஓய்வைக் கெடுக்கும் வேலை. முன்கூட்டிச் சொன்னால் இரவும் சமைத்துத் தருவார்களா, சமையலறையில் எதையாவது சூடுபண்ணிக்கொள்ள விடுவார்களா என்று கேட்டு வையுங்கள். முதல் நாள் இரவுக்காவது கையில் ஏதாவது கொண்டு போய்விடுங்கள்.

இப்போது நெருப்பு. கணப்பு முன்னால் இருவரும் உட்கார்ந்திருப்பது இப்படிப்பட்ட வீட்டின் பெரிய சுகம், அதை விட்டுவிடாதீர்கள். திறந்த கணப்பின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். அதனால் அறையைச் சூடாக்குவதற்கு அதை நம்பாமல், பக்கத்தில் உட்கார்ந்து காய்வதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூடிய அறைக்குள் கரி அடுப்போ தணல் சட்டியோ வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். புகையில்லாத தணலும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மலை விடுதிகளில் தூக்கத்திலேயே ஆட்கள் இறந்துபோகும் செய்திகள் இதனால்தான் வருகின்றன. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான். இன்னொன்று: இதன் முதல் அறிகுறி தலைவலியும் குமட்டலும் என்பதால் 'உயரம் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நினைத்து மறுபடி படுத்துவிடுவார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், அதுவும் அறைக்குள் வலித்து வெளியே வந்தால் குறைந்தால், யோசிக்காமல் நெருப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வீட்டுக்காரரை எழுப்புங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கணப்பை மூட்டும் முன் புகைபோக்கியின் தடுப்புத் தகடு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூட்டும் வேலையை அவர்களிடமே விட்டாலும் நல்லதுதான்.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். கீழே உள்ள ஊரின் வெப்பநிலையைப் பார்த்துத் துணி எடுத்து வைக்காதீர்கள். 2,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. படி ஏறினால் மூச்சு வாங்குவது இயல்புதான். மலைநோய் என்று கவலைப்பட வேண்டியது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போதுதான். எதுவாக இருந்தாலும் முதல் நாள் நீண்ட நடை, மது, தூக்க மாத்திரை மூன்றும் வேண்டாம். குளிரில் தாகம் தெரியாது, நீங்களாகத் தண்ணீர் குடியுங்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடும் என்பதால் குளிர் வெயிலிலும் முகம் கறுக்கும். 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். முட்டை வேகத் தாமதமாவதைச் சமையல்காரரின் மெத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பகல் பொழுதை எப்படிக் கழிப்பது? மலையில் காலைதான் தெளிவு. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று மேலே எழுந்து, மதியத்துக்குப் பின் மேகம் கூடும், சில பருவங்களில் இடியும் வரும். ஆகவே நடை என்றால் காலையில். மேட்டு முகடுகளில் இருந்தால் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். சாப்பிட்டு வந்து மூட்டம் சூழும் நேரத்தில் தூங்குங்கள், படியுங்கள், ஒன்றும் செய்யாமல் இருங்கள். ஒரு நாளைக்கு வெளியே ஒரே ஒரு காரியம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று நாளில் ஒன்றில் வாசலைத் தாண்டாமலே இருந்தாலும் நஷ்டமில்லை.

வாசலைத் தாண்டாத நாளில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஜன்னல் கண்ணாடியையே பாருங்கள். பழைய வீட்டில் மாற்றப்படாத கண்ணாடி இருந்தால், அது உருகிய கண்ணாடியைக் குழாய் வடிவில் ஊதி, அறுத்து விரித்துச் செய்ததாக இருக்கலாம். ஒருமுறை நான் தங்கிய அறையில் அப்படி ஒரு ஜன்னல். தலையை லேசாக அசைத்தால் வெளியே நிற்கும் மரத்தின் தண்டு ஓரிடத்தில் நெளிந்து, நகர்ந்து, மறுபடி நேராகும். அரிசி அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி சட்டத்தின் மூலையில் சிக்கிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சட்டத்தில் உடைந்ததற்குப் பதிலாகப் போட்ட புதுக் கண்ணாடி. அதில் மரம் அசையவே இல்லை. கைப்பிடிச்சுவரின் தேய்மானம், படியின் நடுவில் பள்ளம், பூட்டைச் சுற்றி எத்தனையோ கைகள் பட்ட மெருகு என்று இருவரும் தேடிக் கண்டுபிடிக்க நிறைய கிடைக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார். இப்படிப்பட்ட வீட்டை வைத்திருப்பது ஓயாத வேலை. கூரை ஒழுகும், மரம் உப்பும், ஓட்டைக்குப் பொருத்தமான பழைய ஓடு கிடைக்காது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒருவர் அதை விற்காமல் வைத்திருக்கிறார் என்றால் பிரியத்தோடுதான் வைத்திருக்கிறார். அந்த மரியாதையோடு தங்குங்கள்: ஈரத்துணியை மரச்சாமான் மேல் போடாதீர்கள், சூடான கோப்பையை மேசையில் நேராக வைக்காதீர்கள்.

காலை உணவு பல வீடுகளில் பொது மேசையில்தான். சிலருக்கு அது கொண்டாட்டம், சிலருக்குச் சங்கடம். நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்பதால், தனி மேசையோ கொஞ்சம் தாமதமான நேரமோ கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்பதில் அநாகரிகம் ஒன்றுமில்லை.

இனி உங்கள் இருவரைப் பற்றி. களைத்துப்போன இருவர் ஓய்வுக்குப் போகும்போது சண்டை வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஒருவருக்கு ஓய்வு என்றால் தூக்கம், இன்னொருவருக்கு ஓய்வு என்றால் நடை. கிளம்புவதற்கு முன்பே "உனக்கு இந்த மூன்று நாளில் என்ன வேண்டும்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். தூங்குகிறவரைத் தூங்க விட்டுவிட்டு நடக்கிறவர் விடியற்காலையில் தனியே போய் வரலாம். எல்லா நிமிடமும் ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று இல்லை. கொஞ்ச நேரம் தனித்தனியே இருந்தால்தான் காலை உணவின்போது சொல்ல ஒரு சேதி இருக்கும். தெரியாத ஒன்றைச் சேர்ந்து செய்யும் தம்பதிகளுக்கு உறவில் நிறைவு கூடுகிறது என்று உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. கணப்பு மூட்டக் கற்றுக்கொள்வது, ஒரு பாதையை வரைபடம் பார்த்துக் கண்டுபிடிப்பது மாதிரி சின்ன காரியமே போதும்.

போனை என்ன செய்வது என்பதுதான் கஷ்டமான கேள்வி. வேலையிலிருந்து மனம் விலகாமல் உடம்பு மட்டும் விலகினால் களைப்பு தீராது. ஓய்வைப் பற்றி ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது. அலுவலகத்தில் 'அவசரம் என்றால் அழையுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், எல்லாமே அவசரமாகிவிடும். உங்களுக்குப் பதில் முடிவெடுக்கக்கூடிய ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் விடுதியின் தரைவழி எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் போன் தேவைப்படாது. முதல் நாள் சாயங்காலம் இருவருமே கொஞ்சம் எரிச்சலாக, பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். பயந்துவிடாதீர்கள், பேச்சு வரவில்லையே என்று இழுக்கவும் வேண்டாம். ஆறு வருடத்துப் பேச்சு முதல் மணி நேரத்தில் வராது. பெரும்பாலும் இரண்டாவது நாள் நடையில், முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது தானாக வரும்.

திரும்பும் பயணத்துக்கு ஒரு யோசனை. விடுப்பின் கடைசி இரவை மலையில் கழித்துவிட்டு மறுநாள் காலை நேராக வேலைக்கு ஓடுகிற மாதிரி வைக்காதீர்கள். நான்கு நாள் என்றால் மூன்றாம் இரவு முடிந்து, மூட்டம் விலகியபின் கிளம்பினால் அன்று மாலைக்குள் வீடு வந்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு நேரத்தோடு படுக்கலாம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்குங்கள். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். வளைவில் தலைசுற்றுகிறவர் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்கட்டும், போனைப் பார்க்கவேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டுக் கிளம்பவும் வேண்டாம். அந்த வீட்டில் காலை உணவு நன்றாக இருந்தால், கடைசி நாள் கொஞ்சம் முன்னதாகவே தரச் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினால் சரியாக இருக்கும்.